தொந்தரவுகள் என்றொரு கட்டம்

செவ்வாய்க்கிழமை.
முள்ளியாற்றங்கரைத் துணை சுகாதார நிலையம்.
ஏழு பேர், எல்லோருக்கும் தலைச்சன்.
பாய் இரண்டு, மின்விசிறி ஒன்று,
அதுவும் கரண்ட் இருந்தால்.
எனக்கு இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை.
அது அவர்களுக்கும் தெரியும்.

விடிந்ததும் குமட்டினால்
பாயை விட்டு எழும் முன்பே
நாலு பொட்டுக்கடலை மெல்லுங்கள் என்றேன்.
"எங்க வூட்ல பொட்டுக்கடலைய மாமியா எண்ணி வச்சிருக்கும்"
என்றாள் விண்ணரசி.
சரி, ரஸ்க்.
"ரஸ்க்க மட்டும் எண்ணாதாக்கும்?" என்று நஸ்ரின் கேட்க
பத்து நிமிடம் போனது.

நெஞ்செரிச்சலுக்கு இரண்டு தலையணை என்கிறது அட்டை.
ஒன்றுகூட இல்லாத வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன்.
நெல்லுச் சாக்கை மடித்துத் தலைமாட்டில் வையுங்கள்,
சாப்பிட்ட கையோடு சாயாதீர்கள்,
சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்,
மலம் கறுத்தால் பயம் வேண்டாம்.
"கறுக்குறது இருக்கட்டும் சிஸ்டர், வந்தால்ல தெரியும்."
கொய்யா, கீரை, தண்ணீர் என்று
சிரிப்புக்கு நடுவே கத்தினேன்.
தண்ணீர் என்றதும் சிரிப்பு நின்றது.
மூன்று தெருக் குழாயிலும் சித்திரையிலிருந்து உப்பு.

ராத்திரி கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தால்
காலை நீட்டி, விரல்களை
உங்கள் முகம் பார்க்க இழுங்கள்.
ஏழு பேரும் இழுத்தார்கள்.
பதினாலு பாதம்:
நடவுச் சேறு வெடிப்பில் காய்ந்தது,
மருதாணி மங்கியது, மெட்டி இறுகியது.

சுகந்தியின் கணுக்காலை அழுத்தினேன்.
விரல் பதிந்த குழி மெல்ல நிரம்பியது.
"மேட்டூர் தண்ணி கடைமடைக்கு வந்து சேந்துருச்சுடி,
இவ கால்ல!"
சாயங்காலம் வீங்கிக் காலையில் வடிந்தால் சரி.
காலை உயர்த்தி வையுங்கள், இடப்பக்கம் படுங்கள்.
முகம் வீங்கினால், தலை இடித்தால்,
கண்ணில் பூச்சி பறந்தால்
செவ்வாய் வரட்டும் என்று இருக்காதீர்கள்,
நூற்றெட்டுக்கு அடியுங்கள்.
இரண்டு முறை சொன்னேன்.
மூன்றாம் முறை அவர்களைச் சொல்ல வைத்தேன்.

இலஞ்சியம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.
முப்பத்தேழு வயது, பதினான்காம் வாரம்.
அவள் அட்டையில் இதற்கு முன் இரண்டு வரிகள்,
இரண்டும் பத்தாம் வாரத்தில் நின்றவை.
எல்லோரும் செருப்புத் தேடும் நேரத்தில் வந்தாள்.
"போன வாரம் வரைக்கும் சோத்து வாசனைக்கே ஓடுவேன்.
மூணு நாளா ஒண்ணுமில்ல. நல்லாத் திங்கிறேன், தூங்குறேன்.
வாந்தி திரும்பி வர என்ன செய்யணும், சொல்லுங்க."

வாந்தியை நிறுத்தும் வழிகள் என்று
ஆறு படம் போட்ட அட்டை என் கையில்.
மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.
மூன்று மாதம் கழிந்தால் நிற்பது வழக்கம்தான் என்றேன்.
வழக்கம்தான் என்று
அவளிடம் முன்பும் சொல்லியிருக்கிறார்கள்.

டாப்ளரின் பேட்டரியைக் கழற்றித்
துடைத்துப் போட்டேன்.
முதலில் வெறும் இரைச்சல்.
பிறகு நிதானமாய் ஒன்று.
அது நீங்கள் என்றேன்.
இன்னும் கொஞ்சம் கீழே, கொஞ்சம் சாய்த்து,
வாசலில் பேச்சு அடங்க,
அப்புறம் வந்தது:
எவர் வயலுக்கோ ராத்திரியில் இறைக்கும்
டீசல் இன்ஜின் மாதிரி
பொறுமையே இல்லாமல், தடதடவென்று.

அவள் அழவில்லை.
"இம்புட்டு அவசரமா எங்க போவுது?" என்றாள்.

அடுத்த செவ்வாய் வரிசையில் முதல் ஆள்.
பதிவேட்டில் தொந்தரவுகள் என்றொரு கட்டம் உண்டு,
ஓர் அங்குலம்கூட இருக்காது.
"நெஞ்சு எரியுது சிஸ்டர், விடிய விடிய.
பெருசா எழுதுங்க."